"வேணும்": ஸ்பானிஷ் பேசியவர் தமிழ் கற்ற கதை

ஆவடிக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொற்கள் எவை என்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். டாங்கித் தொழிற்சாலைக்கும், விமானப்படை நிலையத்துக்கும், சி.ஆர்.பி.எஃப். முகாமுக்கும் வட மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்கள் மார்க்கெட்டில் பேசும் முதல் தமிழ் பெரும்பாலும் மூன்றே சொற்கள்தான்: "எவ்ளோ", "வேணும்", "வேணாம்". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மாதக் குடித்தனமே நடத்திவிடலாம்!

எந்த மொழியைத் தொடங்கினாலும் கதை இதுதான். ஸ்பானிஷ் கற்க உட்காருகிறவர் முதல் நாள் "ஓலா" (வணக்கம்) சொல்வார். எழுத்தில் முன்னால் ஒரு 'ஹ' இருக்கும், வாயில் வராது. அடுத்து "கோமோ எஸ்தாஸ்" (எப்படி இருக்கே), "கிராசியாஸ்" (நன்றி), "போர் ஃபவோர்" (தயவு செய்து). இவையெல்லாம் மரியாதைக்கு. பிழைப்புக்கு வேண்டிய சொல் அதற்குப் பிறகு வரும்: "கியேரோ". எனக்கு வேணும் என்று பொருள். "கியேரோ ஆக்வா" என்றால் தண்ணி வேணும்.

இந்தப் பாடத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்பானிஷ் பேசும் ஒருவர் தமிழ் கற்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அல்ல. 480 ஆண்டுகளுக்கு முன் நம் தூத்துக்குடிக் கடற்கரையில் நடந்திருக்கிறது. நடந்ததற்குக் கடிதச் சான்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் தடுக்கி விழுந்த சொல்லும் இந்த "வேணும்" தான்.

அவர் பெயர் பிரான்சிஸ் சேவியர். தெற்கே சவேரியார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1506-ல் நவார் என்ற சிறிய நாட்டில், ஹவியேர் கோட்டையில் பிறந்தவர். நவார் அப்போது தனி அரசு. அவருக்கு ஆறு வயதாகும்போது, 1512-ல், ஸ்பெயின் அதைப் பிடித்துக்கொண்டது. 'ஹவியேர்' என்பதே பாஸ்க் மொழியில் 'புதுவீடு' என்று பொருள்படும் 'எச்சே பெர்ரி'யின் திரிபு என்கிறார்கள். ஆக சேவியர் என்று பெயர் வைத்திருக்கும் நம் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் ஒரு வகையில் 'புதுவீட்டுக்காரர்கள்'!

பாஸ்க் மொழி ஸ்பானிஷுக்கு உறவே இல்லாத மொழி. உலகில் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழியும் கூட. அது தாய்மொழி, ஸ்பானிஷ் எழுதும் மொழி, பாரிஸில் படித்ததால் பிரெஞ்சும் லத்தீனும், லிஸ்பனில் தங்கியதால் போர்த்துகீசும் என்று ஐந்தாறு மொழிகளோடுதான் அவர் 1542 மே 6-ம் தேதி கோவாவில் வந்து இறங்கினார். அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஐந்தாறு மொழிகளில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை.

அங்கே என்ன நிலைமை என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரியிலிருந்து ராமேசுவரம் பக்கம் வரை நீளும் கரை. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பார் எல்லாம் அதில் அடக்கம். முத்துக் குளிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறில் நெருக்குண்ட பரதவர்கள் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சிக்குத் தூது போனார்கள். அதன் விளைவாக 1530-களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. ஆனால் முழுக்குக் கொடுத்துவிட்டுப் போன பாதிரிகளுக்குத் தமிழ் தெரியாது. தாங்கள் எதில் சேர்ந்திருக்கிறோம் என்று அந்த மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்ற வகையில் அது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். மதம் என்ற வகையில் ஒரு பெயர் மாற்றம், அவ்வளவுதான். சேவியர் வந்து நின்றது இந்த இடைவெளியில்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. அவர்களுடைய மொழி 'மலபார்', என்னுடையது பாஸ்க். அவர்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, நான் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை என்று எழுதுகிறார். ('மலபார்' என்றால் இங்கே மலையாளம் அல்ல. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழைத்தான் அப்படிச் சொன்னார்கள். பழைய ஆவணங்களைப் படிக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது.)

பிறகு அவர் செய்தது இன்றைய 'முப்பது நாளில் இந்தி' புத்தக வழிதான். இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மரியாள் வாழ்த்து என்று ஒவ்வொன்றாகப் பல நாள் மண்டையை உடைத்துத் தமிழாக்கினார்கள். தமிழாக்கியதை அவர் மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தான் மனப்பாடம் செய்ததைத் தான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிரதியை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. திருப்பித் திருப்பிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதாகவும், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார்.

இதில் யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஆசிரியர், எதிரே இருப்பவர்கள் மாணவர்கள். மொழியைப் பொறுத்தவரை நேர்மாறு. சொல்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரியாது. கேட்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், சொல்ல வந்த விஷயம்தான் புரியாது. இப்படி ஒரு வகுப்பு உலகத்தில் அதிகம் நடந்திருக்காது.

அவருக்கு உதவியாக பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்று ஒரு போர்த்துகீசியர் இருந்தார். இருவரும் வேறு வேறு ஊர்களில் இருந்ததால் சேவியர் அவருக்கு 1544 முழுவதும் குட்டிக் குட்டிக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். இன்றைய எஸ்.எம்.எஸ். மாதிரி. ரோமுக்கு எழுதிய நீண்ட கடிதங்களை விட இவைதான் சுவையானவை. காரணம், இவற்றில் அவருடைய உண்மையான தமிழ் இருக்கிறது.

எப்படி என்றால், மொழிபெயர்க்க நேரமில்லாமல் உள்ளூர்ச் சொற்களை அப்படியே போட்டு எழுதுகிறார். ஊர்த் தலைவர்களைப் 'பட்டங்கட்டி' என்கிறார். கோயில் வேலைக்கு வைத்த ஆட்களைக் 'கணக்கப்பிள்ளை' என்கிறார். படகு 'தோணி'. காசு 'பணம்' (போர்த்துகீசியர் வாயில் அது ஃபனாம் ஆகிவிட்டது). அரசாங்க ஆள் 'அதிகாரி'. இரு மொழி பேசுகிறவர் 'தோபாஸ்', அதாவது நம் துபாசி. மனப்பாடம் செய்த செபத்தில் இருந்த தமிழ் ஒன்று, அவருக்குள் தானாக ஊறிய தமிழ் வேறொன்று. இரண்டாவது தமிழில் பரலோகம் இல்லை, மோட்சம் இல்லை. தோணியும் பணமும் அதிகாரியும்தான் இருக்கின்றன. 1544 ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியபோது, தப்பி ஓடிய சனங்களுக்கு உதவ இருபது தோணிகளோடு கிளம்புவதாக எழுதியவர் அவர். அந்த நிலைமையில் எந்தச் சொற்கள் முதலில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டின் இன்னொரு கடிதம் உருக்கமானது. அவருடைய துபாசிகள் அந்தோணியோ, ரோட்ரிகோ என்ற இருவர். அந்தோணியோ மணப்பாட்டில் நோயாகப் படுத்திருக்கிறார். சேவியர் ஒரு ஊரில் துபாசி இல்லாமல் தனியாக மாட்டிக்கொண்டார். நான் இங்கே என்ன வாழ்க்கை வாழ்கிறேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் மன்சிலாஸுக்கு எழுதுகிறார். ஆனாலும் பிறந்த குழந்தைக்கு முழுக்குக் கொடுக்கத் துபாசி தேவையில்லையாம். ஏழைகள் தங்கள் தேவையைத் துபாசி இல்லாமலே புரியவைத்துவிடுகிறார்களாம். பார்த்த மாத்திரத்தில் தனக்கும் புரிந்துவிடுகிறதாம். அந்த ஏழைகள் வாயைத் திறந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய சொல்லும் "வேணும்" தானே.

இப்போது அந்தத் தவறுக்கு வருவோம். 1544 முடியும் வேளையில் கொச்சியிலிருந்து மன்சிலாஸுக்கு ஒரு கடிதம் போகிறது. பல வேலைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, இடையில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லி வருகிறோமே, அதை விட்டுவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். 'வேணும்' என்றால் எனக்கு வேண்டும் என்று ஆகிறது, நாம் சொல்ல நினைத்தது நம்புகிறேன் என்பது. கூடவே இன்னொரு திருத்தம். 'வன்பினாலே' என்று படிக்கத்தக்க ஒரு சொல்லையும் எடுத்துவிடச் சொல்கிறார். அதற்கு 'கட்டாயத்தினால்' என்று பொருள் வருகிறது, கிறிஸ்து பாடுபட்டது தன் விருப்பத்தால், கட்டாயத்தால் அல்ல என்கிறார்.

கடிதத்தில் இது நாலைந்து வரிதான். ஆனால் இதன் எடையை யோசித்துப் பாருங்கள். சேவியர் கடற்கரைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. இரண்டு ஆண்டாக மணி அடித்து, தொண்டை கட்டக் கட்ட, ஊர் ஊராக ஓதப்பட்டது அந்தப் பிரமாணம். பனையோலையில் படியெடுக்கப்பட்டு வீடு வீடாகப் போயிருக்கிறது. அதன் ஆணிவேரான சொல்லே தப்பு! 'கடவுளை நம்புகிறேன்' என்று அறிக்கையிடுவதாக ஓதுவித்தவர் நினைத்துக்கொண்டிருக்க, ஓதியவர்கள் 'கடவுள் வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எப்படி வந்தது இந்தத் தவறு? ஒரு ஊகத்துக்கு இடம் இருக்கிறது. ஸ்பானிஷில் நம்புகிறேன் என்பது 'கிரேயோ'. வேணும் என்பது 'கியேரோ'. போர்த்துகீசில் 'கிரேயோ'வும் 'கேரோ'வும். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். சேவியரோ ஸ்பானிஷும் போர்த்துகீசும் கலந்து பேசியவர். எதிரே இருந்த துபாசிக்குத் துறைமுகத்தில் பழகிய போர்த்துகீசு மட்டும் தெரியும். துறைமுகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை 'கேரோ' காதில் விழும்: அது வேணும், இது வேணும், படகு வேணும், தண்ணி வேணும். 'நம்புகிறேன்' என்று துறைமுகத்தில் யார் சொல்லப்போகிறார்கள்? தெரிந்த சொல்லையே காது பிடித்துக்கொள்ளும். இதைச் சான்று காட்டி நிரூபிக்க வழி இல்லை. ஆனால் மொழி கற்ற யாரும் இப்படி ஒரு முறையாவது மாட்டியிருப்பார்கள்.

இலக்கணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பானிஷில் 'கியேரோ' என்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நான்' இருக்கிறது. நீ என்றால் 'கியேரெஸ்', அவன் என்றால் 'கியேரே'. தமிழ் 'வேணும்' யாருக்கும் மாறாது. எனக்கு வேணும், உனக்கு வேணும், அவனுக்கு வேணும். வேண்டுகிறவர் எழுவாயாக நிற்பதில்லை, 'கு' உருபு போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். இன்னொரு பக்கம், 'போக வேணும்' என்றால் ஆசையா கடமையா என்பது சூழலைப் பொறுத்தது. மூன்று சொல்லில் குடித்தனம் நடத்தலாம் என்று மேலே சொன்னது மார்க்கெட்டுக்குத்தான், மறையுரைக்கு அல்ல!

(ஸ்பானிஷ் கற்கும் தமிழர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. 'பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்பார்கள். 'மே' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கிறது. அச்சு அசல் தமிழ் அமைப்பு. ஆங்கில வழியாக ஸ்பானிஷ் கற்கிறவர்கள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் திணறுவார்கள். தமிழ் வழியாகப் போனால் ஒரே நிமிடம்.)

சேவியர் தமிழை முழுதாகக் கற்கவே இல்லை. 1545-ல் நம் சென்னைப் பக்கம் மயிலாப்பூருக்கு வந்து சாந்தோமில் சில மாதம் தங்கிவிட்டு மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே போய் அதே வேலை: செபங்களை மலாய் மொழியில் ஆக்குதல், மனப்பாடம், ஓதுதல். 1549-ல் ஜப்பான். அங்கேயும் ஒரு சொல் காலை வாரியது. கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லை அவருடைய ஜப்பானிய உதவியாளர் எடுத்துக் கொடுத்தார். அது ஒரு புத்த மதப் பிரிவு வழிபடும் புத்தரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லையே தூக்கிவிட்டு 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லை வைத்தார். 1552-ல் சீனக் கரையருகே ஒரு தீவில் காலமானார்.

70 ஆண்டு கழித்து, 1622-ல், அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அந்தக் காலத்தில் பரவிய புகழ்க் கதைகளில் ஒன்று, கற்காமலே பல மொழிகளைச் சரளமாகப் பேசும் வரம் அவருக்கு அருளப்பட்டிருந்தது என்பது. ஓவியங்களிலும் பிரசங்கங்களிலும் அது நிலைத்துவிட்டது. ஆனால் ஷுர்ஹாமர், விக்கி என்ற இரு அறிஞர்கள் 1944-45-ல் தொகுத்துப் பதிப்பித்த அவருடைய கடிதங்களைப் படித்தால் அங்கே இருப்பது வேறு மனிதர். வாய் திறக்கத் துபாசியைத் தேடுகிறவர், தப்புத் தப்பாகப் பேசுகிறவர், தப்பு என்று தெரிந்ததும் வெட்கப்படாமல் எழுதித் திருத்துகிறவர். வரம் பெற்றவரை விட இவர்தான் நமக்கு நெருக்கம். வரம் பெற்றவரிடமிருந்து யாரும் எதையும் கற்க முடியாதே.

மனப்பாடத்தின் எல்லை எது என்பதைப் புரிந்துகொண்டு வேறு வழியில் போனவர் அடுத்து வந்தார். அன்றிக் அன்றிக்கஸ். (தமிழ் அச்சு வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்.) போர்த்துகல்லில் விலா விசோசா என்ற ஊர், யூத வழியில் வந்த குடும்பம். 1546-ல் கோவா, 1547-ல் முத்துக்குளித்துறை. ஆரம்பத்தில் அவரும் துபாசியோடுதான் சுற்றினார். பிறகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஐந்து மாதம் போல இராப்பகலாகத் தமிழிலேயே கிடந்தார். அவர் பிடித்த பிடி வேறு. வாக்கியத்தை மனப்பாடம் செய்யாமல், லத்தீன் இலக்கணத்தில் செய்வதுபோல வினைச்சொல்லைப் பிரித்து அடுக்கினார். இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். நான், நீ, அவன். பட்டியல் போட்டதும் அவரே வாக்கியம் செய்ய ஆரம்பித்தார். புதிதாய் வந்த வெள்ளைக்காரர் காலமும் இடமும் தப்பாமல் பேசுவதைக் கேட்டு ஊர்க்காரர்கள் வியந்ததாக ரோமுக்கு எழுதினார்.

அந்தப் பட்டியல்கள்தான் வளர்ந்து 1549-ஐ ஒட்டி 'மலபார் மொழி இலக்கணம்' என்ற போர்த்துகீசுக் கையெழுத்து நூல் ஆயின. ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம். அது விவரிப்பது நன்னூல் தமிழை அல்ல, கடற்கரைச் சனங்கள் வாயில் புழங்கிய தமிழை. நம் புலவர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கிய பேச்சை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார் என்றால் அதற்குக் காரணம் புரட்சி எண்ணம் ஒன்றும் அல்ல, அவருக்கு அதுதான் தேவைப்பட்டது. அந்தத் தேவையால் நமக்குக் கிடைத்தது 16-ம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழின் அரிய பதிவு. லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படியை 1982-ல் ஹான்ஸ் வெர்மீர் பதிப்பித்தார். ஜீன் ஹெய்ன், வி.எஸ். ராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. வி.எஸ். ராஜம் தமிழ் இலக்கணத்தில் தோய்ந்தவர் என்பதால் போர்த்துகீசு எழுத்தில் சிதைந்து கிடந்த தமிழ்ச் சொற்களுக்குச் சரியான உருவம் கிடைத்தது.

கையெழுத்திலேயே கிடக்காமல் அச்சேறிய முதல் இருமொழிப் புத்தகம் 1554-ல் வந்தது. லிஸ்பன் நகரில், ஜெர்மாவோ கல்யார்த் என்பவருடைய அச்சகத்தில். அதில் தமிழ் இருக்கிறது, தமிழ் எழுத்து இல்லை! தமிழ் வாக்கியங்களை ரோமன் எழுத்தில் போட்டு, அதை ஒட்டியே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசு பொருள் கொடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். இன்று எந்த மொழிக்கான பேச்சுப் புத்தகத்தை வாங்கினாலும் பார்க்கிறோமே, அதே அமைப்பு. உள்ளே இருப்பது "சாப்பாடு என்ன விலை" வகை வாக்கியங்கள் அல்ல, செபங்கள்தான் என்பது ஒன்றே வித்தியாசம்.

இதை ஆக்கியவர்கள் மூன்று பேர்: விசென்தே டி நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பெயரைப் பார்த்துப் போர்த்துகீசியர் என்று நினைத்துவிட வேண்டாம். மூவரும் இங்கிருந்து லிஸ்பனுக்குப் போன தமிழர்கள். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர்கள் இவை. பெற்றோர் வைத்த பெயர்கள் புத்தகத்தில் இல்லை. மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தோணியோவும் ரோட்ரிகோவும் எப்படியோ அப்படியே இவர்களும். சேவியர் தமிழ் கற்றார், அன்றிக்கஸ் தமிழ் கற்றார் என்று வரலாற்றில் எழுதுகிறோம். எதிரே உட்கார்ந்து போர்த்துகீசு கற்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களுக்கு இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. துறைமுகத்தில் காதால் கேட்டுக் கற்று, இரண்டு பக்கமும் பாலம் போட்டவர்கள். 'வேணும்' தவறுக்குப் பழி அவர்கள் மேல் விழலாம். ஆனால் அந்தத் தவறைப் பிறகு கண்டுபிடித்துச் சொன்னதும் தமிழ் தெரிந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சேவியருக்குத் தானாகத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கிளைக்கதை. கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க ஆண்டுக்கு 4000 பொன் பணம் ஒதுக்கப்பட்டது. அது போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்தே வசூலான தொகை. தமிழ்க் கடலில் மூழ்கி எடுத்த முத்தின் காசு லிஸ்பன் அரசியின் செருப்புக்குப் போய், அங்கிருந்து திரும்பித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் சம்பளத்துக்கு வந்தது. இந்த அரசி ஸ்பெயினில் பிறந்தவர்.

அச்சிலும் ஸ்பெயின்காரர்கள் கை இருக்கிறது. 1556-ல் கோவாவில் நிறுவப்பட்ட இந்தியாவின் முதல் அச்சகத்தை நடத்தியவர் ஹுவான் டி புஸ்தமந்தே என்ற ஸ்பெயின்காரர். 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தவர் கொன்சால்வஸ் என்ற இன்னொரு ஸ்பெயின்காரர். அதன் பிறகுதான் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அன்றிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. 1579-ல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-ல் 'அடியார் வரலாறு'. 50 ஆண்டுக்கும் மேல் அந்தக் கரையிலேயே வாழ்ந்து 1600-ல் அன்றிக்கஸ் மறைந்தார்.

செபங்கள் ஒரு பக்கம் இருக்க, துறைமுகத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலில் சொற்கள் தமிழுக்குள் வந்து குடியேறின. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், பொத்தான், பீப்பாய், ஏலம், பாதிரி எல்லாம் போர்த்துகீசு வழி வந்தவை. ஸ்பானிஷ் போர்த்துகீசின் உடன்பிறப்பு என்பதால் ஸ்பானிஷ் கற்கும் தமிழருக்கு முதல் நாளே சில சொற்கள் தெரிந்திருக்கும். மேசை அங்கே 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. பொத்தான் 'போத்தோன்'. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இன்னும் சுலபம், சப்பாத்து அங்கே 'சபாத்தோ'. ஆனால் எல்லாவற்றையும் நம்பிப் போகக் கூடாது. ஜன்னலுக்கு ஸ்பானிஷில் 'வென்தானா', சாவிக்கு 'யாவே'. யாழ்ப்பாணத் தமிழில் நாற்காலி 'கதிரை', போர்த்துகீசு 'கதேய்ரா'விலிருந்து வந்தது. அதை நம்பி மட்ரிட் நகரக் கடையில் ஒரு 'கதேரா' வேணும் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பு!

முதல் உரையாடல்களின் வரிசையில் கடைசியாக ஒன்று. 1679-ல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாவோ டி புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசு அகராதியில் 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அதன் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966-ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையில் பிறந்தவர், ஸ்பானிஷும் போர்த்துகீசும் உட்படப் பல மொழிகள் அறிந்தவர். 1554-ன் லிஸ்பன் புத்தகத்தைப் பற்றி உலகத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்லி 1958-ல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழில் கட்டுரை எழுதியவரும் அவரே. அவருடைய முழுப் பெயர் சேவியர் தனிநாயகம்.